செத்தவர் கால் ஆடலாமா?

பொன்னுதுரைக்குச் சாக வரவில்லை.

பாட வரும். எலெக்ட்ரிக் கிதார் வாசிக்க வரும். மலை மாதிரி நிற்கிற நிலக்கரிக் கப்பலை இழுவைப் படகில் கட்டி இழுத்து வந்து, துறைமுகத்துக்குள் சொன்ன இடத்தில் அலுங்காமல் நிறுத்த வரும். ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்துகொண்டிருந்தார். ஆனால் எழுபத்தொரு வயதில், கேமராவுக்கு முன்னால் மேடையில் விழுந்து செத்துக் காட்டுங்கள் என்றால் மட்டும் முடியவில்லை.

விழுவதெல்லாம் பிரமாதமாகத்தான் விழுந்தார். நெஞ்சைப் பிடித்தார், கண்ணைச் செருகினார், சிவப்புக் கிதார் மார்பில் கிடக்க மல்லாந்து சாய்ந்தார். பின்னால் உப்பளத்துக் குவியல்கள் வெள்ளை வெளேரென்று மின்னின. எல்லாம் செத்துவிட்டது. வலது கால் மட்டும் சாகவில்லை. டிரம்ஸ் சத்தத்துக்குச் சரியாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"கட்!" என்று கத்தினார் இயக்குநர் சிவப்பிரகாஷ். சென்னையிலிருந்து வந்தவர், இது முதல் படம். "சார், நீங்க செத்துட்டீங்க."

"தெரியுது தம்பி."

"கால் ஆடுது சார்."

"ஆடுதா?" பொன்னுதுரை தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார், அடுத்த வீட்டுக்காரர் காலைப் பார்ப்பதுபோல.

"போன தடவைக்கு இந்தத் தடவை நல்லா ஆடிச்சு அண்ணாச்சி!" என்றார் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்த ஞானையா. "தாளம் சுத்தம்."

"காலை விட்டுட்டு எடுங்களேன்" என்றாள் லீட் கிதார் ஜெயசெல்வி.

"முடியாது மேடம். மேலே இருந்து எடுக்கிற ஷாட். வெள்ளை உப்பு, சிவப்புக் கிதார், நடுவுல உடம்பு. புரொடியூசர் இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் கதைக்கே ஓகே சொன்னார். இன்னைக்குத்தான் கடைசி நாள்!"

பொன்னுதுரை எழுந்து முதுகில் ஒட்டிய உப்பைத் தட்டினார். தட்டும்போது கண் ரோட்டுப் பக்கம் போய்வந்தது. காலையிலிருந்து அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தது.

*

அந்த மூன்று பேருக்கும் 'நாலாம் பெர்த்' என்று பெயர். துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் நாலாம் பெர்த்துக்குப் பின்னாலிருந்த பழைய கேன்டீனில் வாசிக்கத் தொடங்கியதால் வந்த பெயர். வெளிநாட்டு மாலுமிகள் விட்டுப்போன கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட ராக் இசை. அந்தச் சிவப்புக் கிதார் ஒரு கிரேக்கக் கப்பலின் சமையல்காரரிடமிருந்து ஒரு கூடை மக்ரூனுக்குப் பண்டமாற்றாக வந்தது. அவர் கிதாரைக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறும் முன்பே பாதி மக்ரூனைத் தின்றுவிட்டாராம்.

பொன்னுதுரை பாட்டும் கிதாரும். அவருடைய பெரியப்பா மகள் ஜெயசெல்வி, நாசரேத் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவள், லீட் கிதார். கிரேன் ஓட்டிய ஞானையா டிரம்ஸ். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் டிரம்ஸ்.

இவர்கள் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று. பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. கரண்ட் போகட்டும், மழை வரட்டும், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையும் மைத்துனனும் சட்டையைப் பிடிக்கட்டும், டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற இருவரும் வாயால் பாடியாவது பாட்டைக் கரை சேர்ப்பார்கள். "கயித்தைக் கட்டி இழுக்க ஆரம்பிச்சாச்சுன்னா கப்பலை நடுக்கடல்ல விட முடியுமால?" என்பார் பொன்னுதுரை.

இவர்கள் வாசித்த ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் சிவப்பிரகாஷ் வந்தார். வந்த அன்று மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "இன்னும் கொஞ்சம் வயசா இருந்தா நல்லா இருக்கும்."

பொன்னுதுரை முடிக்கும் மீசைக்கும் கன்னங்கரேலென்று மை போடுகிறவர். அதன்மேல் தோள் வரை தொங்கும் வெள்ளை விக் ஒன்றை மாட்டினார்கள். வயதானவர் வயதானவராகத் தெரிய இரண்டு மணி நேர மேக்கப்.

ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஜெயசெல்வியிடம் சிவப்பிரகாஷ் பணிவாகச் சொன்னார்: "மேடம், நீங்க படத்துல வீல்சேர்."

"வீல்சேர்ல உக்காந்தா கிதார் கழுத்து சக்கரத்துல இடிக்கும். யோசிச்சியா?"

"ஞானையா சாருக்கு மறதி நோய். எல்லாம் மறந்திருக்கும், டிரம்ஸ் குச்சியைக் கையில கொடுத்ததும் பளிச்சுன்னு ஞாபகம் வரும்."

"மறதியா, எனக்கா?" ஞானையா சிரித்தார். "தம்பி, இந்த ஊர்ல யார் வீட்டுக் கல்யாணத்துல யார் பந்தியிலேர்ந்து கோவிச்சிட்டு எந்திரிச்சாங்கன்னு வருஷவாரியா சொல்லுதேன், கேக்குதியா?"

"அப்புறம் ஒரு காதல். பொன்னுதுரை சாரும் மேடமும் காலேஜ்ல விரும்பினவங்க. ஐம்பது வருஷம் கழிச்சு மேடையில கண்ணும் கண்ணும்..."

"ஏலே!" ஜெயசெல்வி போட்ட சத்தத்தில் டீ கொண்டுவந்தவர் தட்டோடு நின்றுவிட்டார். "அவன் எனக்குத் தம்பில! எங்க சித்தப்பா மவன்!"

காதல் அன்றைக்கே ரத்தானது. ஆனால் சாவை ரத்து செய்ய முடியவில்லை. தாத்தா மேடையில் பாடிக்கொண்டே சாக, பேரன் அந்தக் கிதாரைக் கையில் எடுக்கிறான். அதுதான் படமே.

"கிழவன் பாட வந்தா செத்துத்தான் இறங்கணுமோ?" என்று கேட்டார் ஞானையா.

"அப்பத்தான் சார் ஜனங்க அழுவாங்க."

 படம் வந்தால் 'நாலாம் பெர்த்' பாட்டு ஒன்றாவது தியேட்டரில் ஒலிக்கும் என்ற ஆசை பொன்னுதுரைக்கு. தலையாட்டிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் கிருபை ஞாபகம் வந்தது.

கிருபை அவருடைய மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று இரவே அவர் கிதாரைத் தடவினார். கிருபை தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"பாடுங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா மேடையில ஒரு தடவை, ஒரே ஒரு தடவை விழுந்தீயன்னு கேள்விப்பட்டேன், இந்தக் கிதார் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போயிரும். பூசணிக்காய்க்கும் கோழிக்கும் நடுவுல வச்சிருவேன்."

அறுப்பின் பண்டிகையில் கோயிலுக்குக் காணிக்கையாக வருகிற எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். கிருபை சொன்னால் செய்வாள். ஒரு வருஷம், நூலை அறுத்து அறுத்துச் சண்டை போட்ட தையல் மெஷினைக் கோயில் ஏலத்தில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தவள். அதனால் கடைசிக் காட்சி 'பரிசளிப்பு விழா' என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார். படப்பிடிப்பன்று சாயர்புரத்தில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். "நீ போகாட்டா குறை சொல்லுவாவ" என்று அவரே பஸ் ஏற்றிவிட்டார். அவர் ஏற்றிவிட்ட வேகத்தில் கண்டக்டரே ஒரு மாதிரி பார்த்தார்.

*

அடுத்த முயற்சியில் வலது காலை மேடைப் பலகையோடு கட்டினார்கள். கட்டியவர் ஞானையா, துறைமுகத்துக் கட்டு, அவிழவே அவிழாது. வலது கால் அசையவில்லை. இடது கால் ஆடியது.

இரண்டு காலையும் கட்டினார்கள். கட்டைவிரல் ஆடியது.

"மேல ஒரு உப்பு மூட்டையை வைங்க!" என்றார் சிவப்பிரகாஷ். வைத்தார்கள். கேமரா மேலே ஏறியது. பொன்னுதுரை நெஞ்சைப் பிடித்தார், விழுந்தார், செத்தார். உப்பு மூட்டை மெல்ல ஆடத் தொடங்கியது. கேமராமேன் சிரித்ததில் படம் முழுக்கக் குலுங்கியது.

"பாட்டே வேண்டாம்!" சிவப்பிரகாஷ் தலையில் கை வைத்தார். "சத்தமில்லாம எடுக்கலாம். யாரும் எதையும் வாசிக்காதீங்க."

உப்பளம் கப்சிப் என்றானது. பொன்னுதுரை விழுந்தார். கால் ஆடியது.

"பாட்டு நின்னா கால் நிக்கும்னு யாரு தம்பி சொன்னா?" என்றார் அவர் பரிதாபமாக. "உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டுல்லா இருக்கு. பாதியில எப்படி நிறுத்த?"

"ஏலே பொன்னு, வேற எதையாவது நினையேன்" என்றாள் ஜெயசெல்வி.

"எதைக்கா நினைக்க?"

"கிருபையை நினை."

நினைத்தார். கால் இன்னும் வேகமாக ஆடியது. இந்தத் தடவை நடுக்கம்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சிவப்பிரகாஷ் மேடைக்கு எதிரே பார்த்தார். 'அழுகிற கூட்டம்' என்று அழைத்து வந்தவர்களில் பாதிப் பேர் நிழல் தேடிப் போயிருந்தார்கள். மீதிப் பேர் உப்பு மூட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெமி! எனக்கு அழுகிற மாதிரி ஆளுங்க வேணும். உடனே!"

உதவி இயக்குநர் ஜெமிக்குச் சொந்த ஊர் நாசரேத். யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தன் அத்தைக்கு போன் போட்டாள். அத்தை ஒரு நம்பர் கொடுத்தாள். அந்த நம்பருக்குப் பேசினாள். "சார், கோயில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாங்க ஒரு வேன் நிறைய வாராங்க. செயலாளர் அம்மா ஒரு நிச்சயதார்த்தத்துல இருந்து திரும்பிக்கிட்டு இருந்தாங்களாம். அவங்களே எல்லாரையும் ஏத்திக்கிட்டு நேரா வாராங்க."

இதைப் பொன்னுதுரை கேட்கவில்லை. அவர் உப்பு மூட்டைக்கடியில் இருந்தார். அதாவது, அவருடைய கால்கள்.

*

வேன் வந்தபோது கேமரா மேலே ஏறியாகிவிட்டது. வெளிச்சம் போய்விடும் என்ற பயத்தில் சிவப்பிரகாஷ் யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. "அம்மா, எல்லாரும் அப்படியே முன்னாடி வந்து நில்லுங்க. பாட்டைக் கேளுங்க. நடக்கிறதைப் பாருங்க. என்ன தோணுதோ அதைச் செய்யுங்க! ஆக்‌ஷன்!"

ஞானையா டிரம்ஸை முழக்கினார். ஜெயசெல்வி வீல்சேரை ஒரு காலால் தள்ளிவிட்டு எழுந்து நின்று வாசித்தாள். பொன்னுதுரை காலில் கட்டும் உப்பு மூட்டையுமாக நின்றபடி வெள்ளை முடி பறக்கப் பாடினார்:

"இழு இழு இழு! கயிறு அறுந்தா கடல் சிரிக்கும், இழுடா இழு!"

இரண்டாவது 'இழு'வில் நெஞ்சைப் பிடித்தார். விழுந்தார்.

கூட்டத்தின் முன்வரிசையில், நிச்சயதார்த்தப் பட்டுச்சேலையில், கையில் மக்ரூன் பெட்டியோடு நின்றிருந்தாள் கிருபை. பெட்டி கீழே விழுந்தது.

பின்னாலிருந்த பெண்களுக்கு எதுவும் புரியவில்லை. ஆனால் ஒரு மனுஷர் விழுந்து கண்ணை மூடிவிட்டார். அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று நடந்தால் ஐக்கிய சங்கம் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். யாரோ முதல் அடியை எடுத்தார்கள். அடுத்த நொடி ஒரு வேன் பெண்களும் துக்க வீட்டுப் பாட்டை நாலு குரலில் பிரித்துப் பாடத் தொடங்கினார்கள்.

ஞானையா அந்தப் பாட்டுக்கு இருபது வருஷம் வாசித்தவர். கை தானாக மாறிப்போனது. டிரம்ஸ் அந்தப் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பாட்டு நிற்கக் கூடாதே! ஜெயசெல்வி ஆம்பின் சத்தத்தைக் கூட்டிவைத்து அதற்குமேல் லீட் கிதாரைக் கீறினாள். துக்க வீட்டுப் பாட்டு உப்பளத்தில் ராக் பாட்டாகப் பறந்தது. ஓரத்தில் ஒரு பெண்மணிக்குத் தாளத்துக்கேற்பத் தோளே குலுங்கியது.

கிருபை மட்டும் பாடவில்லை. அவள் கண் ஒரே இடத்தில் நின்றது. ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது, டாக்டர் வந்து சொல்லும் முன்பே அவர் பிழைத்துவிட்ட சேதி அவளுக்குத் தெரிந்தது அதைப் பார்த்துத்தான். போர்வைக்கடியில் வலது கால் தாளம் போட்டது. இப்போது உப்பு மூட்டைக்கடியில் போட்டுக்கொண்டிருந்தது.

அவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையேறினாள். குனிந்து, செத்தவர் தலையிலிருந்த வெள்ளை முடியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். கன்னங்கரேலென்ற தலை வெளியே வந்தது.

"இதுதான் பரிசளிப்பு விழாவா?"

பொன்னுதுரை ஒரு கண்ணைத் திறந்தார். பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கால் நின்றது.

"சார், சூப்பர்!" என்று கத்தினார் சிவப்பிரகாஷ். "அப்படியே இருங்க! இப்பத்தான் செத்தீங்க!"

"எந்திரிங்க!" என்றாள் கிருபை.

எழ முடியவில்லை. ஞானையாவின் கட்டு. அறுக்க அரிவாள் தேட வேண்டியதாயிற்று.

"எத்தனை தடவை விழுந்தீய?"

"ஒரே ஒரு..."

"காலையிலேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்காவ மதினி" என்றார் ஞானையா ஆசையாக. "வரிசையா சொல்லவா?"

"ஏலே ஞானையா, ஒனக்கு நெசமாவே மறதி நோய் வந்தா என்னல?" என்றார் பொன்னுதுரை.

சிவப்பிரகாஷ் ஓடி வந்து கைகூப்பினார். "அம்மா, படத்துல சார்தான் தாத்தா. தாத்தா செத்தாத்தான் பேரன் கிதாரை எடுப்பான். அதுதாம்மா கதை. வெளிச்சம் போகுதும்மா!"

"பேரனுக்குக் கிதார் வேணும்னா கடைக்குப் போகட்டும். அதுக்குத் தாத்தா எதுக்குச் சாகணும்?"

"அழுகை வரணும்மா..."

"அழுகைதானே? கேமராவை என் பக்கம் திருப்புங்க. இப்ப இவியளை நான் என்ன கேக்கப் போறேன்னு எடுங்க. தியேட்டரே அழும்."

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. கிருபை சிரிக்கவில்லை. கையிலிருந்த விக்கைப் பிழிகிறமாதிரி முறுக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். "சொல்லுங்க. விழுந்தா என்ன சொன்னேன்?"

"ஏலம்" என்றார் பொன்னுதுரை தரையைப் பார்த்து. பட்டையோடு கிதாரைக் கழற்றினார். அவளிடம் நீட்டினார். நீட்டிய கை விடவில்லை; ஆனால் நீட்டியது.

ஜெயசெல்விதான் முதலில் பேசினாள். "ஏளா கிருபை, அவன் விழல. விழற மாதிரி நடிச்சான். அதுவும் வரல."

"அதைத்தான் மதினி நானும் பாத்தேன்" என்றாள் கிருபை. பிறகு சிவப்பிரகாஷ் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவிய விழட்டும். விழுற வரைக்கும் ஒங்க கதை. எங்க ஆளுங்க பாடட்டும், அழுவுறவங்க அழட்டும். ஆனா பாட்டு முடியுறதுக்குள்ள அவிய எந்திரிச்சு மிச்சத்தைப் பாடணும். காலைக் கட்டக் கூடாது. அந்தக் காலைப் பக்கத்துல போய் எடுங்க. சரின்னா எடுங்க. இல்லைன்னா வேன் கிளம்பிரும், கிதாரும் என்கூட வந்துரும்."

சிவப்பிரகாஷ் வானத்தைப் பார்த்தார். சூரியன் உப்புக் குவியலைத் தொட்டுவிட்டது. ஜெமியைப் பார்த்தார். "சார், முதல்ல எடுத்ததைவிட இது நல்லா இருக்கும்" என்றாள் அவள். "எதையாவது எடுத்தாத்தானே நல்லா இருக்கும்" என்று முனகிவிட்டு அவர், "விக்?" என்றார்.

"அது என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் கிருபை.

கறுத்த முடியோடு பொன்னுதுரை பாடினார். விழுந்தார். ஐக்கிய சங்கம் துக்கப் பாட்டை எடுத்தது, ஞானையா அதைத் தூக்கினார், ஜெயசெல்வி கீறினாள். கேமரா மேலேயிருந்து இறங்கி இறங்கி, வலது காலுக்கு வந்து நின்றது. கால் ஆடியது. இவ்வளவு நாளும் யாரும் கேட்டுக்கொள்ளாமலே ஆடிய கால், இன்று கேட்டுக்கொண்டபடி ஆடியது. பிறகு முழங்கால் மடங்கியது. பொன்னுதுரை எழுந்தார். "இழு இழு இழு!" என்று விட்ட இடத்தில் பிடித்தார். நாலு குரலும் 'இழு'வுக்கு மாறின. கிருபையின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவளுக்கு அந்தப் பாட்டு முழுக்க மனப்பாடம் என்பது பொன்னுதுரைக்கே அப்போதுதான் தெரிந்தது.

சிவப்பிரகாஷ் 'கட்' சொல்ல மறந்துவிட்டார். கேமராவில் இடம் தீர்ந்து அதுவாக நின்றது.

*

அறுப்பின் பண்டிகை ஏலத்தன்று பொன்னுதுரை காலையிலிருந்தே சாப்பிடவில்லை. எடுத்த காட்சி புரொடியூசருக்குப் பிடித்துவிட்டது, படம் காலோடுதான் முடியும் என்று சிவப்பிரகாஷ் போனில் சொல்லியிருந்தார். அது பெரிய ஆறுதலாக இல்லை. கிருபை காலையில் துணியில் சுற்றி எதையோ கோயிலுக்குக் கொண்டுபோயிருந்தாள். வாக்கு கொடுத்தால் மாறாதவள். கிதார் வைக்கிற பரணில் ஏறி, அது இருக்கிறதா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பூசணிக்காய் போனது. வாழைத்தார் போனது. ஒரு சேவல் ஏலம் விடும்போதே பறந்து போய்ப் பிடிபட்டுப் பிறகு போனது. ஏலம் விட்டவர் அடுத்ததாகத் துணியைப் பிரித்தார்.

"இது... என்னம்மா இது?"

"மேடையில விழுந்தா ஏலத்துக்குக் குடுப்பேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள் கிருபை எழுந்து. "மேடையில இருந்ததுல வேண்டாததைக் குடுத்துட்டேன்."

தோள் வரை தொங்கும் வெள்ளை விக். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பொன்னுதுரை அன்று முதல் தடவையாகப் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பெஞ்சுக்கடியில் கால் ஆடத் தொடங்கியது.

விக்குக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துக்காக வாலிபர் சங்கம் ஒரு பக்கம். மறுபக்கம் ஞானையா, யார் முகத்தையும் பார்க்காமல், விடாமல் கை தூக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் சேவலைவிட அதிக விலைக்கு அவரே எடுத்தார். எடுத்த இடத்திலேயே தலையில் மாட்டிக்கொண்டு திரும்பினார்.

ஜெயசெல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தாள். "ஏலே, பத்து வயசு குறைஞ்சிட்டல நீ!"